அவர் அவர் பாகம்

ஜூன் 4

இன்னும் வீடில்லாத என் வீட்டுக்காரருக்கு,

வீடு கிடைத்துவிட்டது. சுற்றி வளைத்து எழுதினால் நீங்கள் பாதியைத் தாண்டிவிட்டுப் படிப்பீர்கள், அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்க இடம். வாசல் கதவு அடியில் தரையோடு உரசுகிறது, தூக்கித்தான் திறக்க வேண்டும். குழாய் சொட்டுகிறது. இதெல்லாம் நீங்கள் வந்து பார்க்க வேண்டிய வேலைகள். உள்ளறைக்குள் போனதும் பாப்பா தரையில் மல்லாக்கப் படுத்து, கையைக் காலை விரித்து, "அம்மா, எங்கயும் இடிக்கலம்மா" என்றாள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கையை நீட்ட இடம் கிடைத்தது அதிசயமாகத் தெரிகிறது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விற்பவர்கள் அண்ணன் தம்பி. அப்பா வீடு, ஆளுக்குப் பாதி. அண்ணன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், சாது. தம்பி வேறு ஊரில் இருக்கிறார். தனக்காக விற்க அண்ணனுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். தாய்ப் பத்திரத்தை நானே உட்கார்ந்து படித்தேன். பதினோரு பக்கம், பத்தொன்பது எழுத்துப் பிழை. மற்றபடி வில்லங்கம் எதுவும் இல்லை என்று சான்றும் வாங்கிவிட்டார்கள். வங்கியில் கடன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், ஒப்பந்தத்தை மட்டும் அவர்களுடைய வக்கீல் ஒரு தடவை படிப்பாராம்.

உங்களுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட, நீங்களும் எனக்கு ஒரு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். மாதிரி இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பதிவு முடிந்த மாதமே நீங்கள் அந்த மலையை விட்டுக் கிளம்பி வர வேண்டும். ஏழு வருஷம் ஆகிவிட்டது. வீடு வாங்கத்தான் போனீர்கள். வீடு வந்த பிறகும் அங்கே இருந்தால் அதற்கு வேறு பெயர்.

உங்கள்
நான்தான்


ஜூன் 16

என் பிழைதிருத்திக்கு,

உன் கடிதம் நேற்று வண்டியில் வந்தது. டிரைவர் பையை இறக்குவதற்கு முன்பே வாங்கிவிட்டேன். கிரேன் மேல் ஏறி உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கீழே மேஸ்திரி கையைக் காட்டிக் கத்திக்கொண்டே இருந்தார், நான் உன் இரண்டாவது பக்கத்தில் இருந்தேன்.

அதிகாரப் பத்திரம் இதோடு இருக்கிறது. சைட் ஆபீஸில் முத்திரை போட்டுத் தந்தார்கள். எழுத்தர் கேட்டார், "மனைவி பேருக்கா? முழு அதிகாரமா? யோசிச்சுக்குங்க." நான் சொன்னேன், "கல்யாணத்தன்னைக்கே கொடுத்தாச்சு சார், இப்ப முத்திரைதான் பாக்கி." ஆபீஸே சிரித்தது.

கதவை நான் இழைத்துத் தருகிறேன். குழாய்க்கு வாஷர் போதும். பாப்பாவுக்கு அந்த உள்ளறைதான். நாம் எங்கே படுப்பது என்று நீ எழுதவில்லை.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷம் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேரோடு இருந்தவன். பாப்பா என்னை "வாங்க" என்கிறாள், போன தடவை வந்தபோது பார்த்தாயா? விருந்தாளியைச் சொல்வது போலச் சொன்னாள். அதை மாற்ற எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை.

பதிவு முடியட்டும், வந்துவிடுகிறேன். சத்தியம் எல்லாம் வேண்டாம், என் பேச்சே போதும்.

(இதில் எத்தனை பிழை என்று எண்ணி எழுதாதே.)


ஜூலை 6

வீட்டுக்காரருக்கு,

ஏழு பிழை. "முத்திரை"யைச் சரியாக எழுதியதற்கு ஒன்று கழித்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் நேற்று முடிந்தது. மூன்று மாதத்துக்குள் பதிவு. பத்திரம் எழுதுபவரின் அலுவலகம் என்பது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை. குனிந்து உள்ளே போனால் குனிந்தபடியேதான் உட்கார வேண்டும். கணக்கு வாத்தியார் வெள்ளைச் சட்டை போட்டு, பேனாவில் மை ஊற்றிக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் போல வந்திருந்தார்.

பத்திரம் எழுதுபவர் முத்திரைத்தாளை என் முன்னால் வைத்துவிட்டு, பதிவு அலுவலகத்தில் யாரையோ பார்க்க எழுந்து போய்விட்டார். "படிச்சுப் பாருங்கம்மா, வந்துடறேன்" என்றார். என்னிடம் போய் படித்துப் பாருங்கள் என்றால் விடுவேனா? பென்சிலை எடுத்துக்கொண்டேன். பாவம், நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஒரே ஒரு இடம். "விற்பவர் தமக்காகவும் தம் தம்பிக்காகவும் கையொப்பமிட்டு, மேற்படி வீட்டில் அவர் அவர் பாகத்தை முழுவதும் விற்கச் சம்மதிக்கிறார்." ஒரே சொல் இரண்டு தடவை. அச்சகத்தில் ஒரு நாளைக்கு இப்படி இருபது பார்ப்பேன். வரி முடியும் இடத்தில் கண் தடுமாறி டைப் செய்பவர் மறுபடியும் அடித்துவிடுவார்.

வாத்தியாரிடம் காட்டினேன். "ஆமாம்மா, ரெண்டு தடவ வந்திருக்கு" என்றார். அவருக்கும் பிழை என்றால் பொறுக்காது. பேனாவைக் கொடுத்தார். ஒரு "அவர்" மேல் கோடு போட்டேன். ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட்டோம். பத்திரம் எழுதுபவர் அவசரமாகத் திரும்பி வந்து, கோட்டைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கடைசியில் "அடித்தல் ஒன்று" என்று எழுதி முடித்தார். பத்திரத்தில் ஒரு எழுத்தை அடித்தாலும் எத்தனை அடித்தல் என்று எண்ணி எழுத வேண்டுமாம். என் வாழ்நாளில் என் திருத்தத்தை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. நான் திருத்திய எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில்கூட என் பெயர் வராது.

வரும் வழியில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவழியாக நடந்தேன். உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

நாம் முன்னறையில் படுப்போம். கேட்டீர்களே, அதனால் எழுதுகிறேன்.


ஜூலை 19

என் பிழைதிருத்திக்கு,

முன்னறை. சரி. ஜன்னல் பக்கம் எனக்கு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே ஆபீஸுக்குப் போனேன். இங்கே வேலையை விடுவதென்றால் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் முப்பதோடு முடிகிறது. மேனேஜர், "ஒரு வாரம் யோசி, பதிவு முடியட்டும்" என்றார். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது சார், என் மனைவி அதை வரிவரியாகப் படித்திருக்கிறாள் என்றேன். உன்னைப் பற்றி அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர் என் டிரங்குப் பெட்டியைத் தனக்குத் தரச்சொல்லி இப்போதே அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறார். கிரேனுக்கு வரப்போகிற புது ஆளுக்கு அடுத்த வாரத்திலிருந்து கற்றுத்தர வேண்டும்.

பாப்பாவிடம் சொல். இந்தத் தடவை வந்தால் போகமாட்டேன் என்று சொல். நம்பமாட்டாள். இருந்தாலும் சொல்லி வை.


ஜூலை 29

உங்களுக்கு,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

வங்கி வக்கீல் ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு சின்ன விஷயம் கேட்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம். பதிவு கொஞ்சம் தள்ளிப்போகலாம். நீங்கள் வேலையை விடுவதைப் பற்றி இப்போதைக்கு யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். பதிவு முடிந்ததும் நானே எழுதுகிறேன், அப்போது சொன்னால் போதும்.

பாப்பாவுக்கு இரண்டு நாளாக இருமல். இப்போது பரவாயில்லை.

அவசரத்தில் எழுதுகிறேன்.


ஆகஸ்ட் 10

அன்புள்ள மனைவிக்கு,

சின்ன விஷயம் என்றால் என்ன விஷயம்? எட்டு வரியில் கடிதம் எழுதுகிறவள் இல்லை நீ. குழாய் சொட்டுவதற்கே நான்கு வரி எழுதியவள்.

நான் எழுதிக் கொடுத்தது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். புது ஆள் வந்துவிட்டான். கெட்டிக்காரன், நான்கு நாளில் என் கையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். நேற்று நான் கீழே நின்று அவன் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையை இன்னொருவன் செய்வதைக் கைகட்டிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று இதுவரை தெரியாது.

எதை மறைக்கிறாய் என்று தெரியவில்லை. மறைக்கிறாய் என்று மட்டும் தெரிகிறது. நல்லதோ கெட்டதோ, நேராக எழுது.


ஆகஸ்ட் 23

உங்களுக்கு,

வீடு போய்விட்டது. முதல் வரியிலேயே எழுதுகிறேன், போன தடவை நல்ல செய்தியை எழுதியது போல.

நான்தான் காரணம். வேறு யாரையும் சொல்ல முடியாது.

வங்கி வக்கீல் ஒரு நடுத்தர வயதுப் பெண். ஒப்பந்தத்தை மேசையில் விரித்து, நான் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து, உரக்கப் படித்தார். "மேற்படி வீட்டில் அவர் பாகத்தை முழுவதும் விற்கச் சம்மதிக்கிறார்." படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணனோட பாதியை மட்டும் வாங்குறீங்களா?"

"இல்லைங்க, முழு வீடும்."

"இதுல அப்படி இல்லையே. 'அவரவர் பாகம்'னு இருந்திருக்கணும். யாரு அடிச்சது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது இரண்டு தடவை வந்த சொல் இல்லை. அவரவர். சேர்த்து எழுத வேண்டியதைப் பத்திரம் எழுதுபவர் பிரித்து எழுதியிருக்கிறார். அண்ணன் தன் பாகத்தை, தம்பி தன் பாகத்தை. நான் தம்பியை அடித்துவிட்டேன். பதினான்கு வருஷமாகப் பாடப் புத்தகங்களில் பிள்ளைகளுக்காக இதைச் சேர்த்து வைத்தவள் நான். கோடு போட்ட அன்றைக்கு எனக்குக் கண் இல்லாமல் போய்விட்டது. சந்தோஷத்தில் இருந்தேன், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

திருத்தி எழுதிக்கொள்ளலாம் என்று வாத்தியாரிடம் ஓடினேன். அதற்குத் தம்பி சம்மதிக்க வேண்டுமே. பக்கத்துக் கடைக்காரர் கிடங்கு கட்டுவதற்காக அந்த இடத்தைக் கூடுதல் விலைக்குக் கேட்டிருக்கிறார். தம்பி அண்ணனுக்குக் கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்துவிட்டு நேரில் வந்துவிட்டார். வாத்தியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"அக்கா, நான் உங்கள ஏமாத்தல. என் பாகத்தை விக்கிறதா இதுல எங்க இருக்கு, காட்டுங்க. இருந்ததை நீங்களே அடிச்சுட்டீங்க. உங்க கையெழுத்துதானே இது?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் கையெழுத்து போட்டேன்டா" என்றார். அதற்கு மேல் அவரால் தம்பியை எதிர்த்துப் பேச முடியவில்லை. அவர் தன் பாதியை எனக்கே தருகிறேன் என்கிறார். பாதி வீட்டுக்கு வங்கி கடன் தராது. தம்பியின் பாதி கிடங்காகிவிட்டால் நாம் எந்தச் சுவருக்குள் இருப்பது?

பத்திரம் எழுதுபவரிடம் போய் நின்றேன். "பிரிச்சு எழுதுனது என் தப்புதாம்மா, இல்லேங்கல. ஆனா அடிச்சது நீங்க. நான் வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கலாமே" என்றார். நியாயம்தான்.

வழக்குப் போடலாமா என்று அந்த வக்கீலையே கேட்டேன். "தம்பிக்காகவும் கையெழுத்துன்னு மேல இருக்கு, வாதாடலாம். ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். பத்துப் பன்னண்டு வருஷம் ஆகும், பரவாயில்லையா?" என்றார். பாப்பாவுக்கு இருபது வயது ஆகியிருக்கும்.

உங்கள் கடிதம், வேலையை எழுதிக் கொடுத்ததாகச் சொன்ன கடிதம், என் கைப்பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் எல்லா இடத்துக்கும் போனேன். மூன்று வாரமாக உங்களுக்கு எழுதாதது பயத்தால்தான்.


செப்டம்பர் 5

உன் கடிதம் கிடைத்தது.

எத்தனை வருஷமாக என் கடிதத்தில் பிழை எண்ணி எழுதினாய். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். எனக்குப் படிப்பு இல்லை, உனக்கு இருக்கிறது என்று இங்கே எல்லோரிடமும் பெருமை அடித்தேன். தெரியாத பத்திரத்தில் ஏன் கை வைத்தாய்? அந்த ஆள் வரும்வரை ஒரு மணி நேரம் சும்மா உட்கார உன்னால் முடியவில்லையா? நான் ஏழு வருஷம் உட்கார்ந்தேன்.

கிரேனில் தெரியாத பட்டனை நான் தொடமாட்டேன். தொட்டால் கீழே ஆள் சாவான்.

மேனேஜரிடம் போனேன். கொடுத்த கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். இடம் போய்விட்டது என்கிறார். வேண்டுமானால் உதவியாளாகச் சேர்த்துக்கொள்வாராம், பழைய சம்பளம் கிடையாது, ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், நடுவில் விட முடியாது. நான் கற்றுக்கொடுத்த பையனுக்குக் கீழே நின்று கொக்கி மாட்ட வேண்டும்.

முப்பதாம் தேதிக்குள் பதில் கேட்கிறார். உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் எழுது.


செப்டம்பர் 21

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன். எழுதியதையெல்லாம் கிழித்தேன். நீங்கள் எழுதியதில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. அதனால்தான் பதில் எழுத வரவில்லை.

நேற்று உங்கள் சைட் ஆபீஸுக்குப் போன் செய்தேன். உங்களைக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். "சாவாம்மா, பிரசவமா?" என்றார் எடுத்தவர். அந்த இரண்டுக்குத்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம். இரண்டும் இல்லை என்றேன். "அப்ப லெட்டர் போடுங்கம்மா" என்று வைத்துவிட்டார். சாவு என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் பதறிக்கொண்டு ஓடி வருவதை நினைத்தேன், வாய் வரவில்லை. அதனால் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். எட்டு நாளில் போய்விடும் என்று சொன்னார்கள்.

ஒப்பந்தத்தை ரத்து செய்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொடுத்த முன்பணம் திரும்ப வந்தது. அதே மாடிப்படி அறைதான். படித்துப் பாருங்கள் என்று தாளை நீட்டினார். படிக்காமல் போட்டேன். வாத்தியார் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அச்சகத்தில் என்னை எச்சரித்திருக்கிறார்கள். ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் என்னால் கோடு போட முடியவில்லை. கேள்விக்குறி போட்டு அனுப்புகிறேன். "இதுக்குக்கூடக் கேக்கணுமா?" என்று மேலாளர் தாளை மேசையில் போட்டார். பாப்பாவின் வீட்டுப்பாட நோட்டைக்கூட இப்போது நான் பார்ப்பதில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். சொல்ல வந்தது ஒன்றுதான். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

வீடு இல்லை. இந்த ஒரே அறைதான், சுவரெல்லாம் ஈரம்தான். பாப்பா பிறந்தபோது மூன்று பேரும் இப்படி ஒரு வாடகை அறையில்தானே இருந்தோம்? நீங்கள் கால் நீட்டினால் கதவைத் திறக்க முடியாது. அப்போது நாம் ஒரு நாளாவது வருத்தப்பட்டோமா? வீடு வந்தால்தான் நீங்கள் வர வேண்டும் என்று எழுதியது நான். அதுதான் நான் செய்த பெரிய தப்பு என்று இப்போது தோன்றுகிறது, அந்தக் கோடு அதற்குப் பிறகுதான்.

இங்கே ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம். என்னைத் திட்ட வேண்டுமானாலும் நேரில் வந்து திட்டுங்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இந்தத் தடவை வந்தால் அப்பா போகமாட்டார் என்று பாப்பாவிடம் சொன்னேன். நீங்கள் சொன்னது போலவே நம்பவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

வாருங்கள்.


செப்டம்பர் 30

அன்புள்ள உனக்கு,

இன்றைக்குத் தபால் வண்டி வந்தது. பையில் உன் கடிதம் இல்லை. டிரைவரை இரண்டு தடவை தேடச் சொன்னேன், பிறகு நானே கொட்டிப் பார்த்தேன்.

உன்மேல் கோபம் இல்லை. போன கடிதத்தில் கண்டபடி எழுதிவிட்டேன். வண்டி கிளம்பிப் போன பிறகு அதைத் திரும்ப வாங்க மலைச்சரிவில் பாதி தூரம் ஓடினேன், பிடிக்க முடியவில்லை. ஒரு சொல் போனதற்கு அவ்வளவு சொல் தேவையில்லை. கணவன் என்றால் அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நீ "வாங்க" என்று ஒரு வரி எழுதுவாய் என்று நினைத்தேன். வீடு இல்லாவிட்டால் என்ன, வாங்க என்று. எழுதியிருந்தால் எதையும் யோசிக்காமல் இந்த வண்டியிலேயே ஏறியிருப்பேன். பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். சாயங்காலம்வரை வண்டியை நிறுத்தி வைக்கச் சொன்னேன், டிரைவர் நல்லவர், நிறுத்தினார். பிறகு யோசித்துப் பார்த்தேன். உனக்கு என் முகத்தைப் பார்க்க இஷ்டமில்லை, அப்படி எழுதியவனை யார்தான் கூப்பிடுவார்கள். நீ பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தானே. ஐந்து வருஷத்தில் பாதி வீட்டுக்காவது சேர்ந்துவிடும், அப்போது உனக்கும் மனசு ஆறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளையிலிருந்து கொக்கி வேலை. அந்தப் பையன் என்னை "அண்ணே, நீங்க உக்காருங்க" என்கிறான். அவனுக்கும் சங்கடம்.

பாப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ பார்த்துச் சொல். அவளுக்கு இதைச் சொல்லும்போது என்னைத் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை.

புதிதாகச் சேருகிறவன் என்பதால் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, இரத்த வகை எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். உன் வாடகை அறையை எழுதினால் அடுத்த வருஷம் எந்தத் தெருவில் இருப்பாயோ. அந்த வீட்டுக் கதவு எண் எனக்கு மனப்பாடம், எழுத்தர் பார்க்காதபோது பேனாவை அதில் வைத்தும் பார்த்தேன். அவர் படிவத்துக்குக் கையை நீட்டினார். இந்த முகாமின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.